மாடிக்கும் கீழுக்கும் ஒரே கணக்கு

மாடி ஏன் காலியா கெடக்குதுன்னு கேக்குற. கேக்க வேண்டிய கேள்விதான். உறையூர்ல, கடைத்தெருவுக்கு நடக்குற தூரத்துல, ரெண்டு பெட்ரூம் வெச்ச வீடு, காவேரித் தண்ணி வருது, காத்து வருது, அப்படியிருந்தும் ஏறக்குறைய ஒரு வருஷமா பூட்டியே கெடக்குதுன்னா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. உக்காரு. உன் வீட்டுக்காரர் வண்டிய நிறுத்த இடம் பாத்துட்டு வரட்டும், அதுக்குள்ள சொல்லிடுறேன். உன்னை நீன்னே சொல்றேன், தப்பா எடுத்துக்காத. என் மருமக வயசுதான் இருக்கும் உனக்கும். கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சு? மூணு வருஷமா. ம்ம். இல்ல, நான் வேற ஒண்ணும் கேக்க வரல. நான் யார் விஷயத்துலயும் மூக்க நுழைக்கிற ஆளே கிடையாது. இந்தத் தெருவுல யாரை வேணா கேட்டுப் பாரு, கமலவேணியம்மா உண்டு, அவங்க வேலை உண்டுன்னுதான் சொல்வாங்க.

மாடியில என் மகன் செழியனும் மருமக மேகலாவும்தான் இருந்தாங்க. இப்ப ஓசூர்ல இருக்காங்க. சண்டை கிண்டைன்னு நினைச்சுக்காத. எங்களுக்குள்ள ஒரு வார்த்தை தடிச்சுப் பேசினது கிடையாது. எல்லாத்துக்கும் காரணம், இதோ பாரு, இந்த டிவிக்குப் பின்னாடி தொங்குதே, இந்தக் குச்சிதான்.

டிவி எங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துல வாங்கினது. நல்ல டிவி. படம் இன்னும் கண்ணாடி மாதிரி தெரியும். ஆனா அதுல இன்டர்நெட் கிடையாது. கேபிள்காரன் வருஷா வருஷம் காசை ஏத்திக்கிட்டே போனான், நான் பாக்குற சேனல் மட்டும் ஒண்ணொண்ணா காணாமப் போச்சு. நான் பாக்குறது ரெண்டு சீரியல், காலையில ஒரு சாமி பாட்டு. அதுக்கு எதுக்கு இருநூறு சேனலுக்கு அழுவணும்? அப்பதான் செழியன் சொன்னான். "அம்மா, டிவியில மாட்டுற ஸ்டிக்னு ஒண்ணு இருக்கு. நம்ம வைஃபையிலேயே ஓடும். ஆன்லைன்ல நல்லதா ரெண்டு போட்டுடுறேன், கீழ ஒண்ணு, மாடிக்கு ஒண்ணு."

விலை கேட்டேன். சொன்னான். "நீ ஒண்ணும் போட வேணாம்ப்பா, நானே கடையில பாத்து வாங்குறேன்"னுட்டேன்.

அவனுக்குச் சிரிப்பு. "உங்களுக்கு அதப் பத்தி என்னம்மா தெரியும்?"ன்னான். எனக்கு என்ன தெரியும்? இந்த வீட்டுல குக்கர், கிரைண்டர், இன்வெர்ட்டர் எல்லாம் நான் வாங்கினது. ஒண்ணாவது பழுதாச்சா? தெரியலைன்னா கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதுதானே.

முதல் கடையில ஒரு பையன். ஸ்டிக் வேணும்னு சொன்னா, "ஸ்டிக் எதுக்கும்மா, டிவியவே மாத்திடுங்க, மாசத் தவணையில குடுக்குறோம்"னான். ஒரு பல்பு வாங்கப் போனா வீட்டையே இடிச்சுக் கட்டச் சொல்ற ஆளு. வந்துட்டேன். ரெண்டாவது கடையில கறுப்பா ஒரு டப்பாவக் காட்டினான். பேரும் இல்ல, ஊரும் இல்ல. "எல்லாப் படமும் ஓசியில வரும்மா, நேத்து ரிலீசானது கூட"ன்னு கண்ணச் சிமிட்டுறான். பில் குடுப்பியான்னேன். பில்லெல்லாம் கிடையாதுன்னான். கெட்டுப்போனா உன்னை எங்க தேடுறதுன்னேன். அதுக்கப்புறம் அவன் என்கூடப் பேசல.

மூணாவதா நம்ம ரபீக் தம்பி கடை. நாலு ரோடு முக்குல இருக்கு பாரு, சின்னக் கடைதான். அவன் ரெண்டு தினுசு எடுத்து வெச்சான். ஒண்ணு விலை கூட. இன்னொண்ணு அதுல பாதிதான். எதுக்கு இந்த வித்தியாசம்னு கேட்டேன். "விலை கூடுனது படத்த ரொம்பத் தெளிவாக் குடுக்கும்மா. ஆனா உங்க டிவி பழசு, அதால அந்தத் தெளிவக் காட்ட முடியாது. உங்களுக்குச் சின்னதே போதும். மாடியில பெரிய டிவி இருந்தா அவங்களுக்கு வேணா இதக் குடுங்க"ன்னான். அதெப்படி? மகனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? பாகுபாடே கூடாது, ரெண்டு பேருக்கும் சின்னதையே குடுன்னேன். ரெண்டா எடுத்ததால குறைச்சும் குடுத்தான்.

கடையிலேயே போட்டுக் காட்டுன்னு நின்னேன். ரிமோட்டுல ஒரு பொத்தான அமுக்கி வாயால சொன்னா அதுவே தேடிக் குடுக்கும்னான். நான் சுப்ரபாதம்னு சொன்னேன். அது பாதாம் அல்வா செய்யிறதக் காட்டுச்சு. மறுபடி சொன்னேன். மறுபடி பாதாம் அல்வா. கடைக்கு வந்தவங்கெல்லாம் சிரிக்கிறாங்க. ஆனா சும்மா சொல்லக்கூடாது, அல்வா பக்குவம் ரொம்ப நல்லா சொல்லியிருந்தாங்க. அந்தத் தீபாவளிக்கு அதத்தான் செஞ்சேன்.

கடைசியில ரபீக் கேட்டான். "ரெண்டுக்கும் தனித்தனி ஐடி போட்டுடவாம்மா? அவங்க பாக்குறது அவங்களோட, நீங்க பாக்குறது உங்களோட இருக்கும்."

"எதுக்குப்பா தனித்தனி? ஒரே குடும்பம். ரேஷன் கார்டே ஒண்ணுதான். ஒண்ணே போடு."

"இல்லம்மா, யூடியூப்ல எல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வரும்..."

"வரட்டும். ஒண்ணுபோல வந்தா நல்லதுதானே?"

அவன் ஒரு மாதிரி பாத்துட்டு என் ஃபோன் நம்பர வெச்சு ஒரே கணக்காப் போட்டுக் குடுத்தான்.

முதல் ஒரு வாரம் எனக்குப் பிடிபடல. அப்புறம்தான் பாத்தேன். டிவியப் போட்டா முன்னாடி பாத்ததெல்லாம் வரிசையா வந்து நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு சிவப்புக் கோடு. எதுவரைக்கும் பாத்தோமோ அதுவரைக்கும் கோடு. என் சாமி பாட்டு, என் சீரியல், நடுவுல பாத்தா ஒரு துப்பாக்கிப் படம். நான் எங்க துப்பாக்கிப் படம் பாத்தேன்? யோசிச்சா, அட, மாடி! அவங்க பாக்குறது எனக்கு வருது. எவ்வளவு நல்ல வசதி பாரு. இத ஏன் கடைக்காரன் எடுத்துச் சொல்லல?

நான் அத வெச்சு ஒண்ணும் பண்ணல. எதேச்சையா கண்ணுல பட்டத எதேச்சையா சொல்வேன், அவ்வளவுதான். காலையில மேகலா வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கி வருவா. ஒரு காலேஜ் ஆபீஸ்ல வேலை அவளுக்கு. "என்னம்மா, ராத்திரி அந்தப் படத்த பாதியில நிறுத்திட்டீங்க போலருக்கு, தூக்கம் வந்துடுச்சா? கடைசியில அந்த அண்ணன்காரன்தான் கொலைகாரன்"னு சொல்வேன். அவங்களுக்கு மிச்சத்தப் பாக்குற வேலை மிச்சம். செழியனுக்கு "முதுகு வலின்னு தேடியிருக்கியே, என்கிட்ட தைலம் இருக்குல்ல"ன்னு சொல்வேன். அக்கறைதானே? அவன் ஒரு நாள் வந்து நின்னான். "அம்மா, மாடியில என் ஐடிய போட்டுக்குறேனே"ன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஏன்ப்பா, இன்னைக்குத் தனி ஐடி, நாளைக்குத் தனி அடுப்பு, அதானே?"ன்னு கேட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. "சரிம்மா, விடுங்க"ன்னு போயிட்டான். நல்ல பிள்ளை. எடுத்துச் சொன்னா கேட்டுக்குவான்.

அதுக்கப்புறம் மேகலா டிவி பாக்குறதே குறைஞ்சு போச்சு. ஃபோன்லயே பாத்துக்குவா, காதுல எதையாவது மாட்டிக்கிட்டு. டிவியில அவ திரும்பத் திரும்பப் போட்டது ஒண்ணே ஒண்ணுதான். யாரோ ஒருத்தர் மேடைப் பேச்சு. 'அடுத்தவர் அந்தரங்கத்தில் தலையிடாதீர்கள்'னு தலைப்பு. ஒரு வாரத்துல நாலஞ்சு தடவை ஓடியிருக்கு. பாவம், காலேஜ் ஆபீஸ்ல எவளோ அவள அப்படிப் பாடாப் படுத்துறா போலருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். நானும் முழுசாப் பாத்தேன். அருமையான பேச்சு. தஞ்சாவூர்ல இருக்குற என் நாத்தனார் அலமேலுவுக்கு அனுப்பினேன், அவளுக்குத்தான் அந்தக் குணம் உண்டு.

இப்படி நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை நான் கந்த சஷ்டி போடலாம்னு தேடுற எடத்துக்குப் போறேன், அங்க ஏற்கனவே யாரோ தேடினது எழுதியிருக்கு. 'ரெண்டு மாசம் வாந்தி நிக்க என்ன சாப்பிடலாம்.' ஒரே ஒரு தடவைதான். அன்னைக்கு அவ ஃபோன் சார்ஜ் இல்லாமப் போயிருக்கும்போல.

எனக்கு அப்ப எப்படி இருந்துச்சுங்கிற? அந்த ரிமோட்ட கண்ணுல ஒத்திக்கிட்டேன். கல்யாணமாகி நாலு வருஷம். ஒரு வார்த்தை நான் அவளக் கேட்டதில்ல. மாசாமாசம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன், அம்புட்டுதான். சாப்பாட்டுல பப்பாளிய நிறுத்தினேன். அவளா சொல்றவரைக்கும் வாயத் திறக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணினேன். அவகிட்ட நான் ஒண்ணுமே கேக்கல, சத்தியமா. அலமேலுகிட்ட மட்டும் சொன்னேன். செழியனுக்குச் சொந்த அத்தைக்காரி, அவளுக்குச் சொல்லாம எப்படி? அப்புறம் பூக்காரம்மாகிட்ட, அதுவும் தினம் ஒரு முழம் கூடுதலா வேணும்னு நான் கேட்டதுக்குக் காரணம் சொல்ல வேண்டியதாப் போச்சு. அலமேலுவோட மக படிக்கிறதும் மேகலா வேலை பாக்குற அதே காலேஜுலதான். அது என் தப்பா?

ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம் மேகலா படியேறாம நேரா இங்க வந்து நின்னா. கையில ஒரு ஸ்வீட் பாக்கெட். ஆபீஸ்ல எல்லாரும் சேந்து வாங்கிக் குடுத்திருக்காங்க.

"அத்தை, உங்களுக்கு யார் சொன்னா?"

"எனக்கு யாரும்மா சொல்லப்போறா? டிவிதான் சொல்லுச்சு."

"எங்க அம்மாவுக்கே நான் இன்னும் சொல்லல அத்தை. மூணு மாசம் முடியட்டும்னு டாக்டர் சொன்னாங்க. இப்ப அம்மா ஃபோன் பண்ணி அழுவுறாங்க, ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்குக் கடைசியா சொல்றியான்னு."

"அம்மாவுக்குச் சொல்லாதது தப்புதானேம்மா? பெத்தவங்களுக்கு முதல்ல சொல்லிடணும்"னேன். நியாயத்த யார்கிட்ட வேணா சொல்லலாம். அவ ஸ்வீட்ட இந்த ஸ்டூல் மேல வெச்சுட்டு மேல போயிட்டா.

அது தங்கல. கொஞ்ச நாள்லயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். திரும்பி வந்தப்ப அவ முகத்த என்னால பாக்க முடியல. அவ கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ கைய எடுத்துக்கல, ஆனா அந்தக் கை அங்க இருக்கிற மாதிரியும் இல்ல. ஊர்க் கண்ணு, வேறென்ன? அந்த ஒரு மாசம் வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்துச்சு. அலமேலு வந்தா, பூக்காரம்மா வந்தா, எதிர்வீட்டுல வந்தாங்க. எப்படி ஆச்சு, எத்தனாவது வாரம், தூக்குனியா, குனிஞ்சியான்னு ஒவ்வொருத்தரும் கேப்பாங்க. அவளுக்குக் கஷ்டமா இருக்கக்கூடாதேன்னு எல்லாருக்கும் நானே இங்க உக்கார வெச்சு வெவரமா பதில் சொல்லி அனுப்பினேன். மேல கதவு சாத்தியே இருக்கும். வேலைக்கும் போகல. காலேஜ விட்டே நின்னுட்டா.

அப்புறம் செழியன் சொன்னான், கம்பெனியில ஓசூருக்கு மாத்திட்டாங்கம்மான்னு. திடுதிப்புனு வந்த ஆர்டராம். எனக்கென்னமோ அவ்வளவு திடுக்குனு இல்ல. ஏன்னா அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டிவியில ஓசூர் வாடகை வீடு வீடியோவா ஓடிக்கிட்டிருந்துச்சு. என் மகன் எப்பவும் அப்படித்தான், எதையும் முன்கூட்டியே யோசிச்சு வெப்பான். கம்பெனி மாத்துறதுக்கு முன்னாடியே இவன் வீடு பாத்து வெச்சுட்டான் பாரு!

"நீங்களும் வாங்கம்மா"ன்னு ஒரு தடவை கேட்டான். வீட்ட யாரு பாத்துக்குறது? அப்புறமா வர்றேன்னுட்டேன். அவன் ரெண்டாவது தடவை கேக்கல. சாமானெல்லாம் வண்டியில ஏத்துறாங்க. மேகலா அந்தப் பெரிய டிவிய போர்வை சுத்தி வெச்சா. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். அந்தக் குச்சிய என்ன பண்ணப்போறாங்கன்னுதான் எனக்கு இருந்துச்சு. அவ கையில எடுத்தா. ஒரு நிமிஷம் அப்படியே வெச்சிருந்தா. அப்புறம் கைப்பையில போட்டுக்கிட்டா. எனக்கு உயிர் வந்துச்சு.

அப்படி அவங்க ஓசூர் போயும் போகல. சாயங்காலம் விளக்கேத்திட்டு டிவியப் போட்டா அவங்க வீடு எனக்குத் தெரியும். ஓசூர்ல ரசப்பொடி கிடைக்கல போல, ரசப்பொடி அரைக்கிறது பாத்திருக்கா. செழியனுக்கு முடி கொட்டுது. கேஸ் அடுப்பு ரிப்பேர். ஒரு நாள் ரெண்டு பேரும் பழைய நகைச்சுவையா அடுத்தடுத்து போட்டுப் பாத்திருந்தாங்க. சரி, சிரிக்கிறாங்கன்னு அன்னைக்கு எனக்கும் நல்லா சோறு இறங்குச்சு. அவங்க பாத்தத நானும் பாப்பேன். எனக்குப் புரியுதோ இல்லையோ, கோடு நிக்கிற எடம் வரைக்கும் பாத்துட்டு நிறுத்திடுவேன். இங்க சத்தம்னா அது ஒண்ணுதான். ஃபோன்ல அவன் பேசுறதெல்லாம் மழை பெஞ்சுதா, தண்ணி வருதா, மாடிய வாடகைக்கு விடுங்கம்மா, தனியா இருக்காதீங்க, இவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் பாக்குறேன், ஒரு பொண்ணு பாய் விரிச்சு உக்காந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுக்குது. 'நாலாவது மாதம்: கர்ப்பிணிகளுக்கான எளிய பயிற்சி.' கோடு பாதி வரைக்கும் வந்து நிக்கிது.

எனக்கு யாரும் சொல்லல. நாலாவது மாசம், என்கிட்ட யாரும் சொல்லல.

அன்னைக்கு நான் சாப்பிடல. கோவமா, சந்தோஷமா, எனக்கே தெரியல. அந்த வீடியோவ நானும் முழுசாப் பாத்தேன். அந்தப் பொண்ணு காலை நீட்டச் சொன்னா நானும் நீட்டினேன், மூச்ச இழுக்கச் சொன்னா இழுத்தேன். மறுநாள் ஃபோன எடுத்து அலமேலு நம்பரப் போட்டேன். மணி அடிக்குது. எடுக்குறதுக்குள்ள நானே வெச்சுட்டேன். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. சொன்னா அது நிக்காமப் போயிடுமோன்னு ஒரு பயம். கண்ணு படும்ல?

நான் யார்கிட்டயும் சொல்லல. உனக்கு அது சாதாரணமாத் தெரியும். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அலமேலு ஃபோன் பண்ணினா தொண்டை கட்டியிருக்குன்னு வெச்சுடுவேன். பூக்காரம்மா வர்ற நேரம் குளியலறைக்குப் போயிடுவேன், பூவக் கதவுல மாட்டிட்டுப் போயிடும். ஞாயித்துக்கிழமை செழியன் ஃபோன் வந்தா முதல்ல ஒரு துண்டு பாக்கு எடுத்து வாயில போட்டுக்குவேன். "என்னம்மா, ஒண்ணுமே பேச மாட்டேங்குறீங்க?"ம்பான். "பாக்கு"ம்பேன். மாசம் ஓடுது. அஞ்சாவது மாசப் பயிற்சி வந்துச்சு. பேரு வைக்கிறதுக்கு நல்ல தமிழ்ப் பேருன்னு வந்துச்சு. நானும் எல்லாத்தையும் அவ பின்னாடியே பாத்துக்கிட்டு வர்றேன். வாயத் திறக்கல.

போன ஞாயித்துக்கிழமைதான் அவன் ஃபோன் பண்ணினான். குரலே வேற மாதிரி இருந்துச்சு.

"அம்மா, உக்காந்திருக்கீங்களா? மேகலாவுக்கு ஆறாவது மாசம். நல்லா இருக்கா, பிள்ளையும் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

பாக்கத் துப்பிட்டு, "அப்படியாப்பா!"ன்னேன். ஆச்சரியப்படுற மாதிரி நல்லாவே பண்ணினேன்னு நினைக்கிறேன். ஆனா அழுகை மட்டும் நிஜமாவே வந்துடுச்சு. அவன் ஃபோன மேகலாகிட்ட குடுத்தான்.

"அத்தை, உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க சொல்லித்தானே..."

சிரிச்சா. அவ சிரிச்சுக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! "நீங்க அந்த வீடியோ எல்லாம் பாத்தது இங்க எங்க டிவியில வந்துச்சு அத்தை. நான் பாதியில நிறுத்தினா மறுநாள் கோடு கடைசி வரைக்கும் போயிருக்கு."

நான் திரும்பி இந்தக் குச்சியப் பாத்தேன்.

"முதல் நாள் மறதியா டிவியில போட்டுட்டேன். மறுநாள் பாத்தா நீங்களும் பாத்திருக்கீங்க. போச்சு, இன்னைக்கு ஃபோன் வரும், நாளைக்கு ஊரே கிளம்பி வரும்னு நானும் இவரும் உக்காந்திருந்தோம். வரல. அடுத்த வாரமும் வரல. இவரு பயந்துட்டாரு, அம்மாவுக்கு உடம்புதான் சரியில்லையோன்னு." அப்புறம் சொன்னா, "நீங்க யார்கிட்டயும் சொல்லல இல்ல அத்தை?"

"சொல்லலம்மா."

"தெரியும். அலமேலு சித்தி போன வாரம்கூட ஃபோன் பண்ணி, விசேஷம் ஏதும் உண்டான்னு கேட்டாங்க. அப்பதான் இவர்கிட்ட சொன்னேன், அத்தைகிட்ட நாமளே சொல்லிடலாம்னு. ஏழாவது மாசம் வளைகாப்புக்கு நீங்க முன்னாடியே வந்து இங்க இருக்கணும். பிள்ளை பொறக்குற வரைக்கும் இருக்கணும்."

அதுக்குத்தான் இப்ப அவசரமா ஆள் பாக்குறேன். மாடியில நல்ல மனுஷங்க இருந்தா நான் கீழ பூட்டிட்டு நிம்மதியாப் போவேன். வளைகாப்பு வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்னு மேகலா சொல்லியிருக்கா. நானும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. உன்கிட்ட சொல்றது சொன்னதாகாது, நீ என்ன எங்க சொந்தமா? காலையில வீடு பாக்க வந்த பேங்க்காரரும் சொந்தமில்ல.

ஆனா ஒண்ணு சொல்றேன், ஃபோன வெச்ச பிறகு எனக்கு வந்துச்சே ஒரு கோவம். இத்தனை நாளா நான் என்ன பாக்குறேன்னு அவங்க அங்க உக்காந்து பாத்துக்கிட்டிருந்திருக்காங்க! இதென்ன பழக்கம்? ஒரு பெரிய மனுஷி தனியா இருக்கான்னா ஆயிரத்தையும் பாப்பா. மகன் மனசு மாற எந்தக் கோயிலுக்கு விளக்கு போடணும்னு பாத்திருப்பேன். மருமக மதிக்கலைன்னா என்ன செய்யணும்னு ஒரு அம்மா பேசுனதப் பாத்திருப்பேன். அதெல்லாமா பாக்குறது? போன மாசம் நெஞ்செரிச்சலப் பத்தி ஒரு டாக்டர் பேசுறதப் பாத்தேன். மறுநாள் விடிஞ்சும் விடியாமலும் செழியன் கூப்பிட்டு, "நெஞ்சுக்கு எப்படிம்மா இருக்கு?"ங்கிறான். பெத்த பிள்ளைக்குத் தானாத் தெரியுது பாருன்னு அன்னைக்கு முழுக்க பூரிச்சுப் போயிருந்தேன். நீயே சொல்லு, அடுத்தவங்க என்ன பாக்குறாங்கன்னு எட்டிப் பாக்குறது நல்லாவா இருக்கு? நான் யாருக்காவது அப்படிப் பண்ணியிருக்கேனா?

மறுநாளே குச்சியக் கழட்டி எடுத்துக்கிட்டு ரபீக் கடைக்குப் போனேன். "எனக்குன்னு தனியா ஒரு கணக்கு போட்டுக் குடுப்பா"ன்னேன்.

"இத நான் அன்னைக்கே சொன்னேனேம்மா"ன்னு வாங்கினான். கடை டிவியில மாட்டினான். "ரெண்டு நிமிஷ வேலை. மாத்திட்டா அவங்க பாக்குறது உங்களுக்கு வராது."

"ம்."

"நீங்க பாக்குறதும் அவங்களுக்குப் போகாது."

"போகவே போகாதா?"

"போகாதும்மா. நீங்க டிவி போட்டீங்களா, போடலையான்னு கூட அவங்களுக்குத் தெரியாது."

நான் நின்னேன். அவன் ரிமோட்ட வெச்சுக்கிட்டு என் முகத்தையே பாக்குறான். பின்னாடி ஒரு ஆள் சார்ஜர் கேட்டுக்கிட்டு நிக்கிறார்.

"இருக்கட்டும் தம்பி, இன்னொரு நாள் பாத்துக்கலாம்"னு வாங்கிட்டு வந்துட்டேன்.

இப்ப தினம் விளக்கேத்தினதும் எதையாவது போட்டு விட்டுடுறேன். பாக்கணும்னு இல்ல. அது பாட்டுக்கு ஓடும், நான் அடுப்படியில என் வேலையப் பாப்பேன். கோடு நகரணும்ல. முந்தாநாள் சாயங்காலம் மட்டும் வேணும்னே போடாம இருந்து பாத்தேன். நேத்து காலையில பால் பொங்குறதுக்குள்ள செழியன் ஃபோன் வந்துடுச்சு.